புக்காராவும் ஜீனோவும்

இலங்கையில் பொதுமக்களுக்கான தொலைக்காட்சி 1979இல்தான் வந்தது. அதற்கு 4 ஆண்டுகள் முன்பே கொழும்பில் ஒரு வீட்டில் பெட்டி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் ஆதர் சி. கிளார்க். 1975 ஆகஸ்டில் இந்தியா, அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளை ஓராண்டுக்கு இரவல் வாங்கித் தன் கிராமங்களுக்கு நேரே நிகழ்ச்சி அனுப்பிப் பார்த்தது. அந்தச் சோதனைக் காலத்தில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தார் கிளார்க்கின் வீட்டிலும் ஓர் அலைவாங்கித் தட்டைப் பொருத்திக் கொடுத்தார்கள். பூமியோடு சேர்ந்து சுற்றும் செயற்கைக்கோளை வைத்து உலகம் முழுவதற்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945இலேயே எழுதியவருக்குச் செய்த மரியாதை அது. அந்தத் தட்டில் வந்து விழுந்ததோ இந்தியக் கிராமத்து விவசாயிக்கான நிகழ்ச்சி. விண்வெளிக் கதைகளின் சக்கரவர்த்தி தன் வீட்டுக் கதிரையில் உட்கார்ந்து பயிர்ச்செய்கை பார்த்திருப்பார் என்று நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும்.

மன்னார்த் தீவுக்கும் தொலைக்காட்சி அதே திசையிலிருந்துதான் வந்தது. 1982 பெப்ரவரியில் ரூபவாஹினி தொடங்கிய பிறகும் எங்கள் கரையின் அன்ரெனாக்கள் பெரும்பாலும் கொழும்புப் பக்கம் திரும்பவில்லை. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி சுமார் 30 கிலோமீற்றர். கொழும்பு தரைவழியாக 300ஐத் தாண்டும். பனை உயரத்துக்கு இரும்புக் குழாயை நட்டு, நுனியில் மீன்முள்ளைப் போல அலுமினியக் கம்பிகளைக் கட்டி, ஒருவர் வெளியே நின்று குழாயைத் திருப்புவார். உள்ளேயிருந்து இன்னொருவர், "இன்னும் கொஞ்சம்… காணும், காணும், விடு" என்று கத்துவார். கடல் அடங்கிக் கிடக்கும் வெக்கையான இரவுகளில் கொடைக்கானல் மலையிலிருந்து தூரதர்ஷன் தெளிவாக விழும். வாடை கிளம்பினால் திரை முழுக்கப் புள்ளி. பின்னர் இராமேஸ்வரத்தில் 323 மீற்றர் உயரத்துக்கு ஒளிபரப்புக் கோபுரம் எழும்பியது. அதன் பிறகு குழாயை அவ்வளவு உயர்த்த வேண்டியிருக்கவில்லை.

அந்தப் பெட்டிக்குள் வந்தவற்றில் பெரியவர்கள் மதிக்காதவை இரண்டு: சண்டைப்படம், விஞ்ஞானக் கதை. முதலாவது பொடியளைக் கெடுக்கும், இரண்டாவது நடக்காத சங்கதி என்பார்கள். இலக்கியக்காரர்களும் ஏறத்தாழ அப்படித்தான் நினைத்தார்கள். சமூக யதார்த்தம்தான் கலை என்ற காலம் அது. எனக்கு அந்தத் தீர்ப்பு பிழையாகவே தெரிகிறது. 40 ஆண்டு கழித்துத் திரும்பிப் பார்த்தால், இந்தக் கரையில் கற்பனையாக இருந்தது சண்டைப்படம்தான். விஞ்ஞானக் கதை என்று ஒதுக்கியது எங்கள் அன்றாட வாழ்க்கைக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்தது.

முதலில் சண்டைக்கு வருவோம். சினிமாவுக்கு முன்பே மன்னார் சண்டை பார்த்துப் பழகிய ஊர். கத்தோலிக்கக் கிராமங்களில் வடபாங்கு, தென்பாங்கு என்று கூத்து இரண்டு வகை. ‘என்றீக்கு எம்பரதோர்’, ‘மூவிராசர்’, ‘ஞானசவுந்தரி’ போன்ற நாடகங்களைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் ஏட்டிலிருந்து எடுத்துப் பதிப்பித்தார். அச்சில் படித்தால் பாட்டும் விருத்தமுமாகப் போகும். மேடையில் அது வேறு. சருகைத்தாள் ஒட்டிய மரவாளோடு இரண்டு ராசாக்கள் எதிரெதிரே வருவார்கள். மத்தளம் விரையும். வாள் வாளைத் தொடுவதே அரிது. சண்டை முழுவதும் காலில் நடக்கும். எந்தப் பாதம் முன்னே வைக்கிறான், எந்தத் தாளத்தில் பின்வாங்குகிறான் என்பதைச் சபையில் கிழவிகள்கூடக் கவனிப்பார்கள். அடி பிசகினால் அண்ணாவியார் முகம் மாறும். அப்படி இரவு தொடங்கி விடியும்வரை போகும்.

எம்.ஜி.ஆர். இந்தக் கரையில் அவ்வளவு இலகுவாக ஒட்டிக்கொண்டதற்கு அவர் கண்டிப் பக்கத்தில் 1917இல் பிறந்தவர் என்பது மட்டும் காரணமல்ல. ‘ஆயிரத்தில் ஒருவன்’ (1965) படத்தில் அவரும் நம்பியாரும் வாள் பிடிக்கும் இடத்தைப் பாருங்கள். கமரா தள்ளி நிற்கிறது. இரண்டு உடம்பும் தலை முதல் கால்வரை தெரிகின்றன. கூத்துப் பார்த்த கண்ணுக்கு அது புதிய மொழியே அல்ல. அந்த ஆண்டு ஒக்ரோபரில் அவரும் சரோஜாதேவியும் இலங்கைக்கு வந்தபோது சனம் அலைமோதியது. புரூஸ் லீயும் அதே வாசலால்தான் உள்ளே வந்தார். ‘என்டர் த டிராகன்’ (1973) பார்க்க ஆங்கிலம் வேண்டாம், கால் போதும். இன்றைய படங்களில் ஒரு குத்துக்கு நாலு வெட்டு. யார் யாரை அடித்தார் என்பதைக் கண்டுபிடிக்க எனக்குப் பேரப்பிள்ளைகளின் உதவி தேவைப்படுகிறது. இது வயதின் குறையல்ல என்றே நம்புகிறேன். எடுப்பவர்களுக்கு அடி தெரியவில்லை.

எம்.ஜி.ஆர். படங்களில் இந்தக் கரைக்கு மிக நெருங்கி வந்தது ‘படகோட்டி’. 1964 தீபாவளிக்கு வந்த படம். இரண்டு மீனவக் குப்பங்கள் அடித்துக்கொள்கின்றன. அந்தப் பகையில் லாபம் பார்க்கும் பண்ணையார் ஒருவர் பின்னால் இருக்கிறார். நாயகன் இருவரையும் ஒன்றாக்குகிறான். படம் வந்து ஏழு வாரத்தில், டிசம்பர் 22 இரவு, புயல் தனுஷ்கோடியைத் துடைத்துவிட்டது. பாம்பனிலிருந்து வந்த ரயிலைப் பயணிகளோடு கடல் கொண்டுபோனது. 1914 முதல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் ஓடிய கப்பல், பிறகு இராமேஸ்வரத்திலிருந்து 1980களின் தொடக்கம்வரை ஓடி, அதுவும் நின்றது. பார்க்க, பேச, சம்பந்தம் செய்ய இரு கரைக்கும் இருந்த வழி அடைபட்டது. அடைபடாமல் மிஞ்சியது மீன்பிடி ஒன்றுதான். இன்று இராமேஸ்வரத்து றோலர்கள் எங்கள் கடலின் அடியைச் சுரண்டிப் போகின்றன. சிறு வலைக்காரனின் வலை அறுகிறது. 2017இல் இலங்கை இழுவைமடியைச் சட்டம் போட்டுத் தடைசெய்தது; றோலர் நிற்கவில்லை. இரண்டு பக்கமும் தமிழ் மீனவர். றோலரில் வேலை செய்பவன் கூலிக்காரன். முதலாளி கரையில் இருக்கிறார். ‘படகோட்டி’ நோயைச் சரியாகக் கண்டுபிடித்த படம் என்பது என் கட்சி. மருந்துதான் பொய். பண்ணையாரை உதைத்தால் தீரும் என்றது. எங்கள் பண்ணையாருக்குக் கட்சிகளும் உண்டு, தேர்தல்களும் உண்டு.

இலங்கையில் எடுத்த அதிரடிப் படத்தின் கதை இன்னும் விசித்திரமானது. அதற்கு முதல் போட்டவர்களில் ஒருவர் நம் கிளார்க். 1956இல் அவர் இந்தத் தீவுக்கு வந்தது ரொக்கட்டுக்காக அல்ல, கடலுக்கடியில் நீந்துவதற்காக. கூட வந்த மைக் வில்சன் நீரடிப் புகைப்படக்காரர். இருவரும் திருகோணமலையில் கோணேசர் மலையின் அடியில் மூழ்கி, போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோயிலின் கற்களைக் கண்டார்கள். 1962இல் வில்சன் ‘ரன் முத்து தூவ’ என்ற சிங்களப் படத்தை வண்ணத்தில் எடுத்தார். காமினி பொன்சேகா நாயகன், கடலடிச் சண்டை, புதையல், எல்லாம் உண்டு. முழுநீள வண்ணப்படம் சிங்களத்தில் அதுதான் முதல். 1967இல் ஜேம்ஸ் பொண்டைக் கிண்டல் செய்து ‘சொருங்கெத் சொரு’ எடுத்தார்; நாயகன் பெயர் ஜேமிஸ் பண்டா. பிறகு வில்சன் சினிமாவை விட்டுக் காவி கட்டி சுவாமி சிவகல்கி ஆனார். படப்பெயரில் முத்து இருந்தும், படம் முத்துக் கரைக்கு வரவில்லை. சிலாபத்துறை, அரிப்பு, மரிச்சுக்கட்டியில் மூக்கைப் பிடித்துக்கொண்டு கல்லோடு இறங்கிச் சிப்பி அள்ளியவர்களின் கதையில் இல்லாத அதிரடியா? 1906 முத்துக்குளிப்பின்போது லெனார்ட் வூல்ஃப் மரிச்சுக்கட்டியில் அரசு உத்தியோகத்தராக நின்றார். தன் நினைவுக்குறிப்பில் அதைப் பதிந்தும் வைத்தார். ஒரு படக்காரரும் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை. அதற்கு முன் 1863இல் பிரெஞ்சுக்காரர் பிசே இலங்கை முத்துக்குளிப்பவர்களை வைத்து ஒப்பரா செய்திருந்தார். பாரிஸில் இருந்துகொண்டுதான்.

இந்தக் கரையை உண்மையில் திரையில் காட்டிய தமிழ்ப்படம் ஒன்றாவது உண்டு: ‘வாடைக்காற்று’ (1978). செங்கை ஆழியானின் நாவல், பிரேம்நாத் மொறாயஸின் இயக்கம், ஏ. ஈ. மனோகரனும் கே. எஸ். பாலச்சந்திரனும் நடித்தது. பேசாலைக் கரையில் படம்பிடித்தார்கள். வாடி, வலை, பருவத்துக்கு வந்துபோகும் சம்மாட்டி, கரையில் இருப்பவனின் கோபம், எல்லாம் அதில் இருந்தன. சண்டையும் உண்டு, மணலில் புரண்டு மூச்சு வாங்கும் சண்டை. அந்த வகைச் சினிமா வளர ஒரு பத்தாண்டு வேண்டியிருந்தது. ஐந்துதான் கிடைத்தது. 1983 ஜூலைக் கலவரத்தில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோவைக் கொளுத்தினார்கள். பல படங்களின் நெகட்டிவ்கள் அதோடு சாம்பல்.

அதற்குப் பிறகு படம் பார்ப்பது என்றால் டெக்தான். பெட்டி, டெக், ஜெனரேற்றர், கசெற் எல்லாம் சேர்த்து ஒரு இரவுக்கு வாடகை. மின்சாரம் இல்லாத காலம், எண்ணெய்க்குத் தடை இருந்த காலம். போர் மீண்டும் மூண்ட 1990 ஜூனுக்குப் பிறகு பெருநிலப்பரப்புப் பக்கம் பற்றரியும் பெற்றோலும் தேடித் திரிய வேண்டிய சாமான்கள். ஜெனரேற்றருக்கு நாலு துளி பெற்றோல் விட்டு இழுத்து, அது எடுத்த பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகை கண்ணைக் கரிக்கும். கசெற் இழுபட்டால் டெக்காரன் மூடியைக் கழற்றிப் பஞ்சில் கொலோன் தொட்டு ஹெட்டைத் துடைப்பான். முற்றத்தில் இருப்பவர்கள் அதையும் படம் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். ஒழுங்கு ஒன்று இருந்தது. முதலில் ‘அன்னை வேளாங்கண்ணி’யோ வேறு பக்திப் படமோ. பிறகு சிவாஜி, பெண்கள் அழ. கிழடுகள் பாயைச் சுருட்டிப் போன பிறகு எம்.ஜி.ஆர்., அதற்கும் பிறகு புரூஸ் லீ, றம்போ. விடிய எழும்பிக் கடலுக்குப் போகிறவன் கடைசிப் படம் முடிய நேரே கடலுக்கே போவான். கூத்தின் இரவு அப்படியே டெக்கின் இரவாக மாறியது. ஞானசவுந்தரி கூத்திலும் வந்தாள், 1948இல் சினிமாவாகவும் வந்தாள். சபை அதே சபை.

றம்போவிடம்தான் எங்கள் சனத்துக்குப் பிணக்கு வந்தது. பார்த்தவர்கள் சிரித்தார்கள். காரணம், துப்பாக்கி தெரிந்த ஊர். எத்தனை சூட்டுக்கு மகசின் முடியும் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும். ஹெலி எது, அவ்ரோ எது, சியாமாச்செட்டி எது என்று சத்தத்தை வைத்துச் சொல்வார்கள். 1990களில் புக்காரா விமானம் வந்தது, பிறகு கிபிர். கிபிரின் சத்தம் காதில் விழுமுன் குண்டு விழுந்திருக்கும். அப்படி ஒரு காதை வைத்துக்கொண்டு, ஒருவன் தனியே நின்று ஒரு படையையே சுட்டு விழுத்துவதைப் பார்ப்பது சங்கடம். ஆனாலும் பார்த்தார்கள். விரும்பித்தான் பார்த்தார்கள். ஏன் என்பதற்கு எனக்குத் தெரிந்த பதில்: எங்கள் சண்டையில் யாரும் யாருக்கும் முகம் காட்டவில்லை. ஷெல் எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. கண்ணிவெடி புதைத்தவன் யார் என்று தெரியாது. சுற்றிவளைப்பில் ஆள்காட்டும் தலையாட்டியின் முகம் சாக்குக்குள். சினிமாவில் மட்டும்தான் எதிரி நேரே வந்து நின்றான். அடித்தவனும் அடி வாங்கியவனும் ஒரே சட்டகத்துக்குள் இருந்தார்கள். அந்த ஆறுதலுக்காக றம்போவின் தீராத மகசினையும் சனம் மன்னித்தது. ஒற்றை மனிதன் எல்லாவற்றையும் தீர்ப்பான் என்ற நம்பிக்கையும் அந்தக் கசெற்றுகளோடு சேர்ந்துதான் ஊருக்குள் வந்தது; அரசியலில் அதற்கு நாங்கள் கொடுத்த விலையைப் படத்தின் தலையில் மட்டும் போடமுடியாது.

இப்போது தொலைக்காட்சி. 1987 ஜனவரியில் தூரதர்ஷன் ராமானந்த் சாகரின் ராமாயணத்தைத் தொடங்கியது. ஞாயிறு காலை. இரண்டு அம்பு நடுவானில் மோதி மத்தாப்பாகச் சிதறும். அதைப் பக்தித் தொடர் என்பார்கள். எனக்கு அது இந்தியாவின் மிகப் பெரிய விண்வெளித் தொடர். ஆயுதம் மந்திரத்துக்குக் கட்டுப்பட்டு எழுந்து, இலக்கைத் தேடிப் போய்த் திரும்புகிறது. இந்திப் பேச்சு புரியாவிட்டாலும் கதை எல்லோருக்கும் தெரியும். அந்த ஆண்டு ஜூலை 30ஆம் திகதி இந்திய அமைதிப்படை இலங்கையில் இறங்கியது. சில காலத்தில் மன்னாரிலும் முகாம் போட்டது. பெட்டிக்குள் வானரப் படை கடலைத் தாண்டிக்கொண்டிருந்தபோது, றோட்டில் சீக்கியச் சிப்பாய்கள் சோதனைச்சாவடி போட்டு நின்றார்கள். தலைமன்னார்க்காரருக்கு அந்தப் படை கட்டிய பாலம் கதையல்ல, வீட்டுக் கோடி. 1988 ஜூலையில் தொடர் முடிந்தது. படை 1990 மார்ச்சில்தான் கப்பலேறியது.

‘ஸ்டார் ட்ரெக்’கையும் தூரதர்ஷன் 1980களில் ஞாயிறுகளில் காட்டியது. அதை உருவாக்கிய ஜீன் ரொடன்பெரி, கிளார்க்கின் ‘புரொஃபைல்ஸ் ஒஃப் த ஃபியூச்சர்’ நூல் தனக்குத் தெம்பு தந்தது என்று சொன்னவர். தொடரில் வரும் விண்கப்பலின் தலையாய சட்டம், பின்தங்கிய உலகங்களின் விவகாரத்தில் தலையிடக்கூடாது என்பது. கப்டன் கேர்க் அதை ஒவ்வொரு வாரமும் நல்லெண்ணத்தோடு மீறுவார், 50 நிமிடத்தில் அந்த உலகம் திருந்தும், கப்பல் புறப்படும். தலையிட்ட பிறகு அந்த ஊர்க்காரர் என்ன ஆனார்கள் என்று எந்த வாரமும் காட்டியதில்லை. நான் அந்தத் தொடரின் ரசிகன்தான், ஸ்பொக்கை யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஆனால் அமைதிப்படையைப் பார்த்த ஒரு கரையிலிருந்து பார்க்கும்போது, கப்பல் போன மறுநாள் அந்தக் கிரகத்தில் யார் யாரைத் துரோகி என்றார்கள் என்ற கேள்வி வராமல் இராது. அதைவிட எனக்கு ‘கலை அரசி’ (1963) பிடிக்கும். விஞ்ஞானத்தில் தேர்ந்த வேற்றுலகத்தார் பூமிக்கு வந்து கடத்திப்போவது பொன்னையோ எண்ணெயையோ அல்ல, பாட்டுக்காரி ஒருத்தியை. தகரத் தட்டு, பானுமதி, எம்.ஜி.ஆர். எல்லாம் வேடிக்கைதான். படையெடுப்புக்கு அதைவிட மரியாதையான காரணத்தை எந்த ஹொலிவுட் படமும் கண்டுபிடிக்கவில்லை.

என் வாதத்துக்கு உயிர் தருவது சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’. 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்து, பின்னர் தூரதர்ஷனில் தொலைக்காட்சித் தொடரும் ஆனது. கதை நடப்பது 2021ஐ ஒட்டி. ஜீவா என்ற தலைவர் நாட்டை ஆளுகிறார். ஆட்களுக்கு எண், பெயர் இரண்டெழுத்துக்கு மேல் கூடாது, பிள்ளை பெற அனுமதி வேண்டும். நிலா என்ற பெண்ணின் கணவன் சிபி திடீரென்று காணாமல் போகிறான். எங்கே கேட்டாலும் பதில் இல்லை. துணைக்கு ஒரு இயந்திர நாய், ஜீனோ. கடைசியில் தெரியவருவது, ஜீவா என்று ஒருவரே இல்லை. ஒளியால் செய்த உருவத்தை வைத்து வேறு சிலர் ஆள்கிறார்கள்.

மதுரையிலும் சென்னையிலும் இதைப் படித்தவர்களுக்கு அது எதிர்காலம். மன்னாரில் படித்தவருக்கு? அடையாள அட்டை இல்லாமல் கடைக்குப் போகமுடியாது. தீவுக்குள் வர ஒரு பாஸ், வெளியேற ஒரு பாஸ், வவுனியாவில் எத்தனை நாள் தங்கலாம் என்பதற்கு இன்னொன்று. வீட்டில் யார் யார் படுக்கிறார்கள் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். 1990 ஒக்ரோபரில் புலிகள் மன்னார் முஸ்லிம்களை ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். எருக்கலம்பிட்டியிலும் மற்ற ஊர்களிலும் இருந்தவர்கள் வீட்டையும் வள்ளத்தையும் தென்னையையும் விட்டு, படகேறிக் கல்பிட்டிப் பக்கம் போனார்கள். ஒரு சமூகத்தையே ஒரு கட்டளையால் இடத்திலிருந்து அழித்துவிடலாம் என்ற கற்பனை ஜீவாவின் ஆட்களுக்குக்கூட வரவில்லை. அதைச் செய்தவர்கள் எங்கள் பெயராலேயே செய்தார்கள் என்பதையும் எழுதித்தான் ஆகவேண்டும். கணவனைத் தேடி முகாம் முகாமாக அலையும் பெண்ணைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. நிலாவுக்கு ஜீனோ இருந்தது. எங்கள் நிலாக்களிடம் இருந்தது ஒரு பொலித்தீன் உறைக்குள் படமும் முறைப்பாட்டு இலக்கமும். சுஜாதா இலங்கையை நினைத்து இதை எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் கம்பியூட்டரை நினைத்து எழுதினார். கம்பியூட்டர் இல்லாமலே, காபன் தாளும் றப்பர் முத்திரையும் வைத்து அந்த நாட்டைக் கட்டமுடியும் என்பதுதான் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

இந்தக் கடலே அதிரடிப் படத்தின் கருவானது 2022இல். அக்‌ஷய் குமாரின் ‘ராம் சேது’. அதன் வித்து பழையது. 2002இல் நாசாவின் விண்வெளிப் படங்களை வைத்து, ராமர் பாலம் என்கிற ஆதாம் பாலம் மனிதர் கட்டியது என்று இந்தியாவில் செய்தி பரவியது. படத்தை வைத்து வயதையோ கட்டியவரையோ சொல்லமுடியாது என்று நாசா மறுத்தது. 2005 ஜூலையில் சேதுசமுத்திரக் கால்வாய்த் திட்டம் மதுரையில் தொடங்கியது, பிறகு வழக்கில் நின்றது. படத்தில் தொல்லியலாளர் கதாநாயகன் கனத்த கவச உடை போட்டுக் கடலடியில் இறங்குகிறார். தியேட்டரில் எனக்கு முன்வரிசையிலும் பின்வரிசையிலும் யாரோ கைதட்டினார்கள். ஆதாம் பாலத்தின் திட்டுகளைச் சுற்றி ஆழம் பல இடங்களில் ஒரு மீற்றர், இரண்டு மீற்றர். கடலட்டைக்குப் போகும் எங்கள் பொடியன் ஒரு கண்ணாடியும் காலுக்கு இரண்டு செட்டையுமாக அதைவிட ஆழத்தில் வேலை செய்கிறான்.

அந்தத் திட்டுகளில் நடந்த உண்மையான அதிரடி எந்தப் படத்திலும் இல்லை. 1980களிலிருந்து, அலை அலையாக, மன்னாரிலிருந்து சனம் இரவில் வள்ளத்தில் ஏறி அக்கரைக்குப் போனது. நேவியின் விளக்கு, நிறுத்திய இயந்திரம், அழவிடாமல் பிடித்த பிள்ளையின் வாய். ஓட்டி சில வேளை கரைவரை போகமாட்டான். மணல்திட்டில் இறக்கி, இதுதான் இந்தியா என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவான். விடிந்தால் நாலு பக்கமும் தண்ணீர். யாராவது மீனவன் கண்டால் உண்டு. 2022இல் பொருளாதாரம் விழுந்தபோதும் அதே திட்டுகளில் குடும்பங்கள் நின்றன. ‘ராம் சேது’ தியேட்டருக்கு வந்ததும் அதே ஆண்டு.

இப்போது தீவின் தோற்றமே ஒரு விஞ்ஞானத் தொடருக்குப் போட்ட செட் மாதிரி மாறிவிட்டது. தென்கரையில் ‘தம்பபவனி’யின் 30 காற்றாலைகள், மொத்தம் 103.5 மெகாவாற். இன்னும் கட்டுவதற்கு எதிராக 2025இல் சனம் றோட்டில் இறங்கியது. வெள்ளம் வடியாது, மீன் கரைக்கு வராது என்பது அவர்கள் முறைப்பாடு. ஆனால் எனக்கு இந்த ஊரில் விஞ்ஞானம் என்றதும் காற்றாலை ஞாபகத்துக்கு வருவதில்லை.

2018இல் மன்னார் நகரத்துக்குள் நுழையும் இடத்தில் சதொச கட்டடத்துக்கு நிலம் வெட்டியபோது மனித எலும்புகள் வந்தன. தோண்டத் தோண்ட 300க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள், சிறுபிள்ளைகளுடையவையும். 6 மாதிரிகள் அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் உள்ள ஆய்வகத்துக்குப் போயின. 2019 மார்ச்சில் பதில் வந்தது: 15ஆம் நூற்றாண்டுக்கும் 18ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை. மன்னாருக்கு அந்தக் காலத்திலும் படுகொலை உண்டு. 1544இல் சங்கிலி மன்னன் காலத்தில் மதம் மாறிய 600 பேர் கொல்லப்பட்ட ஊர் இது. இருந்தும் காணாமல் போனோரின் உறவினர் பலர் அந்தப் பதிலை ஏற்கவில்லை. 300க்கு மேற்பட்டவர்களுக்கு 6 எலும்பு போதுமா என்று கேட்டார்கள். அவர்கள் விஞ்ஞானம் தெரியாதவர்கள் என்று கொழும்பில் சிலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ‘சி.எஸ்.ஐ.’ மாதிரித் தொடர்களில் ஆய்வகம் 45 நிமிடத்தில் ஆளைச் சொல்லிவிடும், யாரும் சந்தேகப்படமாட்டார்கள். இங்கே கேட்டது ஒரு நல்ல விஞ்ஞான மாணவர் கேட்கவேண்டிய கேள்வி: மாதிரியைத் தெரிவுசெய்தது யார், எந்த இடத்திலிருந்து, ஏன் 6?

தமிழில் இப்போது இணையத் தொடர்களுக்குப் பணம் இருக்கிறது. யாராவது விஞ்ஞானத் தொடர் எடுக்க மன்னாருக்கு வந்தால் நேரே காற்றாலைக்குத்தான் கமராவைக் கொண்டுபோவார்கள், அழகாகவும் வரும். நான் கேட்பது வேறு. நாயகி வெள்ளைக் கோட்டுப் போட்ட ஆய்வாளராக இருக்க வேண்டாம். நீதிமன்றத் தவணைக்குப் பேசாலையிலிருந்து காலை பஸ்ஸில் வருகிறவளாக இருக்கட்டும். கையில் உறை. சண்டைக் காட்சி வேண்டாம் என்று சொல்லமாட்டேன், ஒன்று இருக்கட்டும். ஆனால் காலைக் காட்டி எடுங்கள். முதல் பகுதியில் தவணை தள்ளிப்போகிறது. இரண்டாம் பகுதியிலும் தள்ளிப்போகிறது. தயாரிப்பாளர் கதையில் ஒன்றும் நடக்கவில்லையே என்பார். அவருக்குப் பக்கத்தில் ஒரு வழக்கறிஞரை உட்காரவைத்துத் திகதிகளை வாசிக்கச் சொல்லுங்கள்.